இங்க கிணறு கிடையாதுங்க

அத்தியாயம் பதினேழு

கன்னியம்மாளுக்கு அன்று காலையில் இட்லி வேகவில்லை. மாவு நன்றாகப் பொங்கித்தான் இருந்தது. அடுப்பும் எரிந்தது. பானையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டு மூடியைப் போட்டு வைத்தால் எந்த இட்லிதான் வேகும்?

“அத்த, தீயற வாசன வருது பாருங்க!” கூடத்திலிருந்து மருமகள் சுஜாதா குரல் கொடுத்தாள்.

“வரட்டும். இந்த வீட்ல இட்லி ஒண்ணுதான் தீயாம இருந்துச்சி.”

கொஞ்ச நாளாகவே அந்த வீடு புகைந்துகொண்டுதான் இருந்தது. ஊர் எல்லையிலிருந்து மலையடியில் இருக்கும் முருகன் கோயில் குளமான சரவணப் பொய்கை வரைக்கும் ரோட்டை அகலப்படுத்த நகராட்சி திட்டம் போட்டிருந்தது. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலை. அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஒரு கம்பெனியை விட்டு முதலில் ஆய்வு செய்தார்கள். ரோட்டின் இடப்பக்கத்தை எடுத்துக்கொள்வதே நல்லது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. இடப்பக்கம் என்றால் வரிசையாக நிற்கும் புளியமரங்கள். அடுத்தாற்போல் கன்னியம்மாளின் புருஷன் கஜபதியின் கிணறு. கிணற்றை நம்பி ஒன்றரை ஏக்கர் மல்லித் தோட்டம். தோட்டத்தை நம்பி இந்தக் குடும்பம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘இடப்புறம் பயன்பாட்டில் கிணறு ஏதும் இல்லை என நில உரிமையாளர் குடும்பத்தாரே தெரிவித்தனர்’ என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. போன வாரம் சுஜாதா அதை வாய்விட்டுப் படித்ததும் கஜபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கிணற்றில் இரண்டு பேருக்குப் பாத்தியதை. ஒருவர் கஜபதி. இன்னொருவர் தம்பி துரைக்கண்ணு. துரைக்கண்ணு தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, ரோட்டுக்கு வலப்பக்கம், கிணற்றுக்கு நேர் எதிரே, காவடி எடுத்து வருகிறவர்கள் தங்க ஒரு லாட்ஜ் கட்டி நடத்திவருகிறார். கிணற்றில் மட்டும் அவர் பெயர் அப்படியே நின்றது. இடப்பக்கம் இடித்தால் லாட்ஜ் தப்பும். அப்புறம் வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

கஜபதி நேராக லாட்ஜ் வாசலுக்குப் போனார். ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்படி, கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டார். அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து நின்றது.

இன்றைக்கு ஊர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மைக் கைக்கு வந்ததும் தம்பி செய்த துரோகத்தை ஊரறியச் சொல்லுவது என்று கஜபதி முடிவு கட்டியிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையே நடந்துகொண்டிருந்தது.

“கூடப் பொறந்தவனே குழி பறிச்சான்... அப்படின்னு ஆரம்பிக்கறேன். இன்னா சொல்ற சுஜாதா?”

சுஜாதா காதில் வாங்கவில்லை. அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, கம்பெனிக்காரங்க நம்ம பக்கம் வந்து பாத்த நாளு போட்டிருக்காங்க. கணக்குப் போட்டா அது ஆடிப் பரணி. கிருத்திகைக்கு மொத நாளு! அந்த ஜனத்துக்கு நடுவுல வந்து இன்னாத்த பாத்திருப்பாங்க?”

அந்த நேரத்தில்தான் கன்னியம்மாள் இட்லித் தட்டோடு அடுப்படியில் நின்றிருந்தாள். தண்ணீர் ஊற்ற மறந்தது அப்போதுதான்.

ஆடிப் பரணி. பேண்ட் போட்ட இரண்டு பிள்ளைகள். ஒருவன் கையில் அட்டை.

ஐயையோ, முருகா!

ஆடிக் கிருத்திகை சமயத்தில் அந்த ரோட்டில் எள் போட இடம் இருக்காது. வேலூர்ப் பக்கம், சித்தூர்ப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ பூக்காவடிகள் வரும். பொய்கையில் குளிக்கும் முன்பே வழியில் எங்கே தண்ணீர் தெரிந்தாலும் இறங்கிவிடும் கூட்டம் அது. கஜபதியின் கிணறோ தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. கன்னியம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில், காவடியோடு வந்த ஒரு ஆள் குளிக்க இறங்கி, மேலே வரவில்லை. அந்த ஆளின் பெண்சாதி போட்ட கூச்சல் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. பரணிக்கு முன்பே கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டி மறைத்துவிடுவார்கள். முன்னால் தண்ணீர்ப் பந்தல். பந்தலில் கன்னியம்மாள். யார் வந்து கேட்டாலும், தமிழில் கேட்டால் தமிழில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில், அவள் சொல்வது ஒன்றுதான்: “இங்க கிணறு கிடையாதுங்க. மோரு குடிச்சிட்டு போங்க.”

வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் அவளுக்கு அரோகரா மாதிரி தானாக வாயில் வரும். அட்டையோடு வந்த பிள்ளைகள் “கிணறு இருக்காம்மா?” என்று கேட்டபோதும் அப்படித்தான் வந்தது. நல்லா யோசித்துப் பார்த்தாள். ஒருவன் “நீங்க இந்த நிலத்துக்காரங்களா?” என்றுகூடக் கேட்டான். “ஆங், எங்க நெலந்தான்” என்று பெருமையாகச் சொல்லி, இன்னொரு டம்ளர் மோரும் ஊற்றினாளே!

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“இன்னாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“கூட்டம் முடிஞ்சி சொல்லு.”

“தொரக்கண்ணு பத்தி...”

“அவன் பேர எடுத்தன்னா நான் இன்னிக்கு சோறு துன்ன மாட்டேன்!” கஜபதி சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மனுஷனுக்குக் கோபம் வந்தால் காது அடைத்துவிடும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கன்னியம்மாள் பார்க்கிறாள்தானே.

கல்யாண மண்டபத்தில் நல்ல கூட்டம். மணமக்கள் உட்காரும் மேடையில் வருவாய்க் கோட்டத்து ஆர்.டி.ஓ. அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நகராட்சி அதிகாரிகள், கம்பெனியின் பெரிய இன்ஜினீயர். அவருக்குப் பின்னால், பரணியன்று அட்டையோடு வந்த அதே பையன்.

பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பூக்கடை கோமளவல்லி மைக்கைப் பிடித்து, புளியமரத்தில் கைவைக்கக்கூடாது என்று ஒரு பிடி பிடித்தாள். “ஆடி வெயில்ல வெறுங்காலோட காவடி தூக்கிகினு வர்றவங்க தார் ரோட்ல எப்படிங்க நடப்பாங்க? அந்த நெழல்ல மண்ணுமேலதான நடக்கறாங்க? எழுதினவங்க ஒரு தபா செருப்ப கழட்டிட்டு நடந்து பாக்கட்டும்!” கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசி வரிசையில் துரைக்கண்ணு தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலிகளில் ஆள் இல்லை. கஜபதி ஊரெல்லாம் சொல்லி வைத்த பேச்சு வேலை செய்திருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது கன்னியம்மாள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர்.

அவள் மருமகளின் காதில் குனிந்து எல்லாவற்றையும் கொட்டினாள். சுஜாதா கண்ணை விரித்துக் கேட்டாள். அப்புறம் புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

“சிரிக்காதடி! எனக்கு உசுரு போவுது.”

“சிரிப்பு வருது, நான் இன்னா பண்றது? மோரு வேற ஊத்தியிருக்கீங்க!” சுஜாதாவுக்குச் சிரிப்பு நின்றது. “ஆனா அத்த, மாமா மைக்கு புடிச்சிட்டா அப்பால இத ஒட்ட வைக்க முடியாது. சின்ன மாமா இந்த ஊர்ல தல நிமிந்து நடக்க மாட்டாரு.”

“அடுத்தது, கஜபதி!” என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

கஜபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அவர் வரிசையைத் தாண்டி நடுவழிக்கு வருவதற்குள் கன்னியம்மாள் ஓடினாள். ஊர்க் கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள், புருஷன் கை நீட்டிக்கொண்டிருக்க மைக்கைப் பறித்தாள்.

“ஏய், இன்னாடி பண்ற?”

“நீங்க ஒக்காருங்க.” அது மைக்கிலேயே கேட்டது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

கன்னியம்மாள் மேடையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“நான் கன்னியம்மா. இவரு சம்சாரம். கெணறு இல்லன்னு குடும்பத்தாரு சொன்னாங்கன்னு எழுதிக்கீதே, அது நான்தாங்க. எங்க கொழுந்தனாரு இல்ல. அவருமேல இவரு வீண் பழி போட்டுகினு கீறாரு. ஊரும் அத நம்பிகினு கீது. சொன்னது நான்.”

கடைசி வரிசையில் துரைக்கண்ணு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?” என்றார் ஆர்.டி.ஓ.

கன்னியம்மாள் சொன்னாள். கிணற்றில் இறங்கி மேலே வராத ஆளைச் சொன்னாள். கீற்றுத் தட்டியைச் சொன்னாள். பந்தலில் நின்று அவள் சொல்லும் பொய்யை, அதே குரலில், “இங்க கிணறு கிடையாதுங்க” என்று சொல்லிக் காட்டினாள். கிருத்திகைக்கு அந்த வழியாக நடந்தவர்கள் எல்லோரும் அந்தக் குரலை எப்போதாவது கேட்டவர்கள்தான். சிரிப்பு மண்டபத்தின் ஒரு மூலையில் கிளம்பி, மேடைவரை போனது.

“மேடம்...” பெரிய இன்ஜினீயரின் பின்னால் இருந்த பையன் தயங்கித் தயங்கி எழுந்தான். “இவங்கதான் மேடம். எங்களுக்கு மோர் குடுத்தாங்க. தட்டிக்குப் பின்னால நாங்க போய்ப் பார்க்கல.”

பெரிய இன்ஜினீயருக்கு முகம் சுண்டிவிட்டது. “கிணறு இருக்கலாம் மேடம். பயன்பாட்டுல இருக்கா என்பதுதான் கேள்வி. பழைய கிணறு எல்லா ஊர்லயும் இருக்கும்.”

ஆர்.டி.ஓ. அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். “திருவள்ளூர்ல எனக்கு மீட்டிங் இருக்கு. ஆனா கிணறு பக்கத்துலதானே? வாங்க, பார்த்துட்டே போயிடலாம்.”

மண்டபமே எழுந்து அவர் பின்னால் நடந்தது. முன்னால் அதிகாரிகள். நடுவில் கோமளவல்லி. கஜபதி மட்டும் ஓரமாக, யாரிடமும் பேசாமல், காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். தப்பாக மாட்டிய பொத்தான் அப்படியே இருந்தது.

கிணறு பாதிக்குமேல் தண்ணீரோடு கிடந்தது. பக்கத்தில் மல்லித் தோட்டம் பச்சென்று நின்றது.

“புரட்டாசி மழையில எல்லாத் தோட்டமும் பச்சையாதான் இருக்கும்” என்றார் பெரிய இன்ஜினீயர்.

“மோட்டார போட்டு காட்டுடா கஜபதி!” என்று யாரோ கத்தினார்கள்.

கஜபதி மோட்டார் கொட்டகைக்குள் ஓடினார். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“கரண்டு இல்லீங்க.”

அந்த வருஷம் மின்வெட்டு ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. போன கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்.டி.ஓ. கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய இன்ஜினீயர் தொண்டையைச் செருமினார். “இப்போதைக்கு உறுதி செய்ய முடியவில்லைன்னு எழுதிக்கலாம் மேடம். அறிக்கை அப்படியே இருக்கட்டும்.”

‘அப்படியே இருக்கட்டும்’ என்றால் கிணறு போனது என்று அர்த்தம். அந்த ரோட்டில் ஜெனரேட்டர் இருப்பது ஒரே இடத்தில். எதிரே, லாட்ஜில். அது கஜபதிக்கும் தெரியும். அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். எந்த வாயால் போய்க் கேட்பார்?

நானே போய்க் காலில் விழுகிறேன் என்று கன்னியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

அதற்குள் லாட்ஜின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. சக்கரம் வைத்த ஜெனரேட்டரைத் துரைக்கண்ணு முன்னால் இழுக்க, வாட்ச்மேன் எல்லப்பன் பின்னாலிருந்து தள்ள, அது ரோட்டைத் தாண்டி வந்தது. கூட்டம் வழிவிட்டது. மண் ரோட்டோரத்தில் ஒரு சக்கரம் பதிந்து நின்றுவிட்டது.

“அண்ணே, தோள் குடு!” என்றார் துரைக்கண்ணு.

போன வாரத்துச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. கஜபதி பாய்ந்து வந்து தோளைக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ். அண்ணன் வயரை மாட்ட, தம்பி இன்ஜினை முடுக்க, முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது.

குழாய் ஒரு விம்மு விம்மியது. காற்றைக் கக்கியது. அப்புறம் கைப்பருமனுக்குத் தண்ணீர், கண்ணாடி மாதிரி தண்ணீர், தொட்டியில் வந்து விழுந்தது.

“முருகனுக்கு...” என்று கோமளவல்லி எடுத்துக்கொடுத்தாள்.

“அரோகரா!” என்றது கூட்டம். மலைமேல் கேட்டிருக்கும்.

ஆர்.டி.ஓ. அம்மா தொட்டியில் கைநீட்டி ஒரு வாய் குடித்தார். ஈரக் கையோடு பெரிய இன்ஜினீயர் பக்கம் திரும்பினார்.

“இடப்பக்கத் திட்டம் நிறுத்தி வைக்கப்படுது. முழுக்க மறு ஆய்வு. சாதாரண நாள்ல ஒரு தடவை, கிருத்திகை நாள்ல ஒரு தடவை வந்து பாருங்க. தட்டிக்குப் பின்னாலயும் பாருங்க. மறுபடி கூட்டம் போட்டு இவங்களைக் கேட்டுட்டுதான் முடிவு.” கன்னியம்மாளைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா, இனிமே யார் கேட்டாலும் கிணறு இருக்குன்னே சொல்லுங்க.”

“சொல்றேங்க. ஆடியில மட்டும் சொல்ல மாட்டேன்.”

ரோடே சிரித்தது. யாரோ கன்னியம்மாளை இடுப்போடு கட்டித் தூக்கினார்கள். “விடுங்கடி, விழுந்துடப் போறேன்!” என்று கத்தினாள். சந்தோஷத்தில் அழுகையும் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. எதற்குத் துடைக்க வேண்டும்? ஜெயித்தவள் அழுதால் என்ன?

மத்தியானம் கூடத்தில் இலை போட்டாள். இரண்டு இலை, பக்கத்தில் பக்கத்தில். துரைக்கண்ணு வாசல்படியில் தயங்கி நின்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தை கஜபதியின் பரம்பரையிலேயே யாருக்கும் வந்ததில்லை. அவர் எழுந்து போய், செம்பில் தண்ணீர் மொண்டு, தம்பியின் கையில் கொடுத்தார். “கால கழுவிகினு வா. சோறு ஆறுது.” அவ்வளவுதான். செம்பைப் பிடித்திருந்த கையை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“அண்ணி,” என்றார் துரைக்கண்ணு உட்கார்ந்தபடி, “எனக்கு ஒரு டம்ளர் மோரு. எங்கியும் கெணறு கேக்க மாட்டேன்.”

வீடு பழையபடி சிரித்தது. கன்னியம்மாள் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, நெய்யை விட்டு, அப்பளத்தை வைத்தாள். சுஜாதா ரசச் சட்டியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அத்த... இடப்பக்கம் இல்லன்னா ரோடு எந்தப் பக்கம் போவும்?”

கரண்டி கன்னியம்மாளின் கையில் நின்றது. திறந்த வாசல் வழியே நேர் எதிரே லாட்ஜின் நீலப் பலகை தெரிந்தது. இன்னொரு பக்கம் என்று இருப்பது அதுதானே! தன் கிணற்றைக் காப்பாற்றும் அவசரத்தில் அவள் அதை நினைக்கவே இல்லை. கஜபதி பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார்.

“சோத்த போடுங்க அண்ணி,” என்றார் துரைக்கண்ணு, தலையைத் தூக்காமல். “ஜெனரேட்டர வெளிய இஸ்துகினு வரும்போதே எனக்கு அது தெரியும்.”

“தெரிஞ்சுமாடா வந்த?” கஜபதியின் குரல் உடைந்தது.

“இருக்கிற கெணத்த எப்படிண்ணே இல்லன்னு சொல்றது? அண்ணியால முடியும். என்னால முடியாது.”

கன்னியம்மாள் சோறு போட்டாள். போதும் போதும் என்று அவர் கையை மறித்தும் போட்டாள். பின்பு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காலையில் மைக்கைப் பறித்த அதே வேகத்தில் மருமகள் பக்கம் திரும்பினாள்.

“சுஜாதா, அடுத்த கூட்டம் என்னிக்குன்னு கேட்டு வெச்சிக்கோ. ஒரு பக்கம் கெணறு, ஒரு பக்கம் லாட்ஜு. நடுவுல கீற ரோடு எதுக்கு இன்னும் அகலமாவணும்? அத கேக்கறேன் நான்.”

“பேச என் பேர மொதல்ல குடுத்துடும்மா” என்றார் கஜபதி மருமகளிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“உங்க பேரு ரெண்டாவது,” என்றாள் கன்னியம்மாள். “மொத பேரு என்னுது.”